அதே சட்டி, வேறு அளவு

அத்தியாயம் 5: கண்டக்குழிக் கரையோரச் சமையலறைக்கு

ஆரோக்கியச் சமையல் என்றதும் ஓட்ஸ், ஒலிவ் எண்ணெய், புரொக்கோலி என்று பலரும் பட்டியல் போடத் தொடங்குவார்கள். கண்டக்குழியில் இருப்பவர்கள் அவற்றைத் தேடிக் கற்பிட்டிக் கடைத்தெருவுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவில் தென்னையும் மரக்கறித் தோட்டமும் இருக்கின்றன. உடம்புக்கு வேண்டியதில் பெரும்பகுதி நடை தூரத்திலேயே கிடைக்கிறது. குறை பொருளில் இல்லை, அளவில் இருக்கிறது. உப்பு, தேங்காய்ப்பால், சோறு, சீனி நான்கும் கூடிவிட்டன. இலைக்கறியும் பருப்பு வகையும் குறைந்துவிட்டன.

இதன் விலை சிறியதல்ல. 2018-19 காலத்தில் இலங்கையில் நடந்த தேசிய ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருப்பதைக் காட்டியது. பிரஷர் மாத்திரை இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஊர்ச் சமையலை ஊராரே திருத்திக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பின்லாந்தின் வட கரேலியா மாவட்டம் பதில் சொல்கிறது. அங்கே நடுவயது ஆண்கள் மாரடைப்பால் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் வைத்தியரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. மார்த்தா என்ற பெண்கள் சங்கத்தினர் ஊர் ஊராகக் கூடி, தங்கள் பாரம்பரியக் கறிகளையே உப்பும் கொழுப்பும் குறைத்து, மரக்கறி கூட்டிச் சமைத்துக் காட்டினார்கள். நாற்பது ஆண்டுகளில் அந்த மாவட்டத்தின் நடுவயது ஆண்களிடையே இதய நோய் மரணம் எண்பது சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கும் மருந்துக்கும் அதில் பங்குண்டு. சமையலறையின் பங்கு பெரியது.

இந்த அத்தியாயமும் அதே வழியில்தான் போகிறது. கறியின் பெயரை மாற்றாமல், சட்டிக்குள் போகும் அளவையும் செய்முறையையும் மாற்றுகிறோம்.

1. உப்பு: பக்கட்டில் திகதி எழுதுங்கள்

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி அது. கறியில் போடும் உப்பு மட்டுமல்ல, பாணில், பிஸ்கட்டில், கருவாட்டில், கடை ரோல்ஸில் இருப்பது எல்லாம் சேர்ந்த கணக்கு.

கண்ணால் மதிப்பிட்டால் இந்தக் கணக்கு பிடிபடாது. மாதக் கணக்காகப் பாருங்கள். ஐந்து பேருள்ள வீட்டுக்கு மாதத்துக்கு 750 கிராம் என்பது உச்ச எல்லை. அதில் பாதியை வெளியிலிருந்து வரும் பண்டங்களுக்கும் கருவாட்டுக்கும் ஒதுக்கினால் அடுப்படிக்கு மிஞ்சுவது 400 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 400 கிராம் உப்புப் பக்கட் ஒன்றைத் திறக்கும் நாளில் அதன் மேல் திகதியை எழுதி வையுங்கள். ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள். பத்து, பன்னிரண்டு நாளில் முடிந்தால் கீழே உள்ளவற்றைச் செய்யுங்கள்:

- சோற்றுக்கு உப்புப் போடாதீர்கள். கறியில் இருக்கும் உப்பே சோற்றுக்கும் போதும்.
- புட்டு, இடியப்ப மாவுக்கான உப்பைப் பாதியாக்குங்கள்.
- உப்பைக் கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள். கடைசியில் போட்ட உப்பு நாக்கில் முன்னால் நிற்கும்; குறைவாகவே தேவைப்படும்.
- குறைத்த உப்பின் இடத்தைத் தேசிக்காய், கொறக்காய், பழப்புளி, மிளகு, கறிவேப்பிலை, ரம்பை ஆகியவற்றால் நிரப்புங்கள். புளிப்பு தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவு தெரியாது.
- ஒரே நாளில் குறைத்தால் வீட்டில் சண்டைதான் வரும். வாரத்துக்குச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அதன் பிறகு பழைய கறிதான் கரிக்கும்.

புத்தளம் உப்பளங்களின் மாவட்டம். கருவாடு போட வாங்கிய கல்லுப்பு மூட்டை பல வீடுகளில் இருக்கும். அதைக் கருவாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அயடின் குறைவால் வரும் கழலையைத் தடுக்க 1995இல் இலங்கையில் அயடின் சேர்த்த உப்பு சட்டமாக்கப்பட்டது. மூட்டையில் வரும் உப்பில் அது இருக்கும் என்று நம்ப முடியாது. சமையலுக்கு அயடின் உப்பை மூடியுள்ள போத்தலில், அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள்.

"கடலில் வியர்த்துக் கொட்டுகிறதே, உப்பு வேண்டாமா?" என்ற கேள்வி இந்தக் கரையில் நியாயமானது. வியர்வையில் உப்புப் போவது உண்மை. நம் வழக்கமான சாப்பாட்டில் அதை ஈடுகட்டும் உப்பு தாராளமாக இருக்கிறது. கடலில் குறைவது பெரும்பாலும் தண்ணீர்தான். வயிற்றோட்டமோ கடும் சோர்வோ வந்தால் ஜீவனி கரைத்துக் குடியுங்கள்.

2. கருவாடு: உப்பைக் குறைக்கும் இடம் அடுப்படி

நன்றாக உப்பிட்ட கருவாட்டின் எடையில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் உப்பு இருக்கலாம். அதனால் கருவாட்டை வெறுக்க வேண்டியதில்லை. அது மலிவான, கெடாத புரதம். அதை முதன்மைக் கறியாக்காமல் மரக்கறிக்குச் சுவை கொடுக்கும் துணையாக வையுங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. வீட்டில் கருவாடு போடும்போது ஆரோக்கியம் என்று நினைத்து உப்பைக் குறைக்காதீர்கள். உப்புக் காணாமல் காய்ந்த மீனில் கிருமி வளரும். வாடியில் போட வேண்டியதைப் போடுங்கள், சமைக்கும்போது எடுங்கள். வாங்கும்போது இளஞ்சிவப்பாகத் திட்டுப் படர்ந்த கருவாட்டைத் தவிர்த்துவிடுங்கள். அது உப்பிலும் வளரும் ஒருவகைப் பக்டீரியாவின் வேலை.

உப்பெடுக்கும் முறை:

1. துண்டுகளைச் சிறிதாக வெட்டுங்கள். பெரிய துண்டின் நடு உப்பு வெளியே வராது.
2. மேலே படிந்த உப்பைத் தேய்த்துக் கழுவுங்கள்.
3. துண்டுகள் மூழ்கும் அளவின் மூன்று மடங்கு இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீர் கலங்கி, சதை விரலுக்கு மெதுவாகும்.
4. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இன்னொரு அரை மணி நேரம் வையுங்கள்.
5. ஒட்டப் பிழிந்து, ஒரு சிறு துணுக்கை வேகவைத்து நாவில் வைத்துப் பாருங்கள். இன்னும் கரித்தால் மூன்றாம் தண்ணீர் வையுங்கள்.

கருவாட்டுக் கத்தரிக்காய்ப் பிரட்டல் (5 பேருக்கு): உப்பெடுத்த கருவாடு 100 கிராம், கத்தரிக்காய் அரைக் கிலோ, முருங்கைக்காய் 2, சின்ன வெங்காயம் ஒரு பிடி, பச்சை மிளகாய் 4, மிளகாய்த்தூள், மஞ்சள், பழப்புளிக் கரைசல், கறிவேப்பிலை. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. கத்தரிக்காயைப் பொரிக்க வேண்டாம். எண்ணெயை ஒட்ட உறிஞ்சும். வெங்காயம் வதங்கியதும் எல்லாவற்றையும் போட்டு, அரைக் கோப்பை தண்ணீர் விட்டு மூடி அவித்து, புளி விட்டு வற்றவையுங்கள். உப்பு சேர்க்கக் கூடாது. மீந்திருக்கும் கருவாட்டு உப்பே போதும்.

நெத்தலிக் கருவாடாக இருந்தால் தலையைக் கிள்ளி, சுடுதண்ணீரில் இரண்டு முறை அலசினாலே போதும்.

3. தேங்காய்: நாள் கணக்கை விட்டு வாரக் கணக்கைப் பாருங்கள்

புத்தளம் தென்னை முக்கோணத்தின் ஒரு முனை. இங்கே தேங்காயைக் கைவிடச் சொல்லும் புத்தகம் அடுப்பெரிக்கத்தான் போகும். தேங்காய்ப்பாலின் கொழுப்பில் பெரும்பகுதி நிறை கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றுவது அதுதான். அந்தக் கொழுப்பு பெரும்பாலும் முதற்பாலில் இறங்கிவிடும். இரண்டாம், மூன்றாம் பாலில் மணமும் நிறமும் இருக்கும், கொழுப்பு குறைவு.

பலர் செய்யும் சிக்கனம் ஒன்று உண்டு. இன்றைய கறியை இரண்டாம் பாலில் வைத்துவிட்டு, முதற்பாலை எடுத்து வைத்து இரவுச் சொதியில் ஊற்றுவார்கள். வீட்டுக்குள் போன கொழுப்பு அதேதான். எனவே கணக்கை உடைத்த தேங்காயில் வையுங்கள். வாரத்துக்குப் பத்துத் தேங்காய் உடைக்கும் வீடு ஏழாகக் குறைத்தால் அதுதான் உண்மையான குறைப்பு. சிரட்டைகளை ஒரு மூலையில் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை எண்ணுங்கள்.

குறைக்க எளிய வழிகள்:

- ஒரு வேளைக்குப் பால் விட்ட கறி ஒன்றே போதும். மீன் கறி பாலில் என்றால் பருப்பைப் பாலில்லாமல் தாளியுங்கள், மரக்கறியைச் சுண்டலாக்குங்கள்.
- சுண்டலுக்குத் தேங்காய்ப்பூ இரண்டு மேசைக்கரண்டி போதும். பூவாகச் சாப்பிடும்போது நார்ச்சத்தும் சேர்ந்து வருகிறது. பாலாகப் பிழிந்தால் அது சக்கையோடு கோழிக்குப் போகிறது.
- முதற்பால் விட்டே ஆக வேண்டிய கறிக்கு, இறக்கும் நேரத்தில் கால் கோப்பை விடுங்கள். கடைசியில் விட்ட பால் மணத்தைக் காட்டும்.
- மீன் பொரிப்பதை வாரத்தில் ஒரு நாளாக்குங்கள். பொரித்த எண்ணெயைக் கறுக்கும் வரை திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள்.

பால் இல்லாத மீன் கறிக்குச் சிங்கள அயல்வீட்டின் அம்புல் தியலைக் கற்றுக்கொள்ளுங்கள். சூரை மீன் அரைக் கிலோவைச் சதுரத் துண்டுகளாக்கி, ஊறவைத்து அரைத்த கொறக்காய் மூன்று நான்கு சுளை, மிளகு, மிளகாய்த்தூள், உள்ளி, கறுவா, ரம்பை, அரைத் தேக்கரண்டி உப்பு பிரட்டி, மண்சட்டியில் ஒரே அடுக்காக அடுக்குங்கள். துண்டுகள் பாதி மூழ்கத் தண்ணீர் விட்டு, சிறு நெருப்பில் தண்ணீர் முழுதாக வற்றும் வரை வையுங்கள். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம்.

4. மீன்: கரையில் மலிவானதே வீட்டுக்கு நல்லது

அறக்குளா, பாரை, இறால், நண்டு எல்லாம் விலை போகும் சரக்கு. விற்க வேண்டியவர்கள் விற்கட்டும். விலை குறைந்த சூடை, சாளை, நெத்தலி, கும்பளா உடம்புக்கு அவற்றைவிடக் குறைந்தவை அல்ல, சிலவற்றில் மேலானவை. சூடையிலும் சாளையிலும் இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. முள்ளோடு மென்று தின்னும் சிறு மீன் கல்சியமும் தருகிறது. பால்மா விலை ஏறும்போதெல்லாம் இதை நினைவில் வையுங்கள்.

சிறுமீன்கள் உணவுச் சங்கிலியின் அடிமட்டத்தில் இருப்பதால் பாதரசமும் அவற்றில் குறைவு. கர்ப்பிணிகள் சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களைத் தவிர்த்துச் சிறுமீனைச் சாப்பிடுவது நல்லது.

இந்த மீன்களுக்கு ஒரே எதிரி வெயில். சூரை, கும்பளா, சாளை போன்றவை சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை இடிக்கும். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது அழியாது. விற்கும் மீனுக்கு ஐஸ் போடும் கையோடு வீட்டுக்கு ஒதுக்கிய மீனுக்கும் போடுங்கள்.

சூடை மீன் கறி (5 பேருக்கு): சூடை அரைக் கிலோ, அரைத் தேங்காயின் இரண்டாம், மூன்றாம் பால் இரண்டு கோப்பை, முதற்பால் கால் கோப்பை, தக்காளி 2, சின்ன வெங்காயம், உள்ளி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கறித்தூள், பழப்புளி, ஒரு பிடி முருங்கை இலை. தண்ணிப்பாலில் தூளும் வெங்காயமும் கொதித்ததும் மீனைப் போடுங்கள். அகப்பையால் கிண்டாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். கிண்டினால் சூடை உடைந்து முள் கலையும். புளி விட்டு, முதற்பாலும் முருங்கை இலையும் சேர்த்து, ஒரு கொதியில் இறக்கி, மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்புப் போடுங்கள்.

5. சோறும் பாணும்

சாப்பாட்டுக் கோப்பையில் முதலில் சோற்றைக் குவித்தால் கறிக்கு ஓரம்தான் மிஞ்சும். வரிசையை மாற்றுங்கள். பாதிக் கோப்பைக்கு இலைக்கறியும் மரக்கறியும், காலுக்கு மீனோ பருப்போ முட்டையோ, மிஞ்சிய காலில் சோறு. முதல் வாரத்தில் வயிறு குறை சொல்லும். அப்போது பருப்பைக் கூட்டுங்கள், சோற்றைக் கூட்ட வேண்டாம். தீட்டிய வெள்ளைப் பச்சரிசிக்குப் பதில் சிவப்புக் குத்தரிசி, வாரத்தில் சில நாளுக்குக் குரக்கன் பாதி கலந்த புட்டு என்று மாறினால் சீனி வருத்தக்காரருக்கு உதவும்.

பழஞ்சோற்றைப் பற்றி ஒரு செய்தி. 2015இல் கொழும்பைச் சேர்ந்த சுதைர் ஜேம்ஸ் என்ற மாணவர், கொதிக்கும் தண்ணீரில் தேங்காயெண்ணெய் சிறிது விட்டுச் சோறாக்கி, பன்னிரண்டு மணி நேரம் குளிரூட்டியில் வைத்தால் எளிதில் செரிக்காத மாப்பொருள் கூடுகிறது என்று அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் எடுத்துக்காட்டினார். அது ஆய்வுகூடக் கணக்கு. அதை நம்பி இரட்டைக் கோப்பை சாப்பிட இடமில்லை. மீந்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரூட்டியில் வைத்து, மறுநாள் வெங்காயம், பச்சை மிளகாயோடு சாப்பிடலாம். கரையோரச் சூட்டில் இரவு முழுவதும் திறந்து கிடந்த சோற்றில் வயிற்றைக் கெடுக்கும் பக்டீரியா வளரும். சூடாக்கினாலும் அதன் நஞ்சு போகாது.

450 கிராம் பாண் ஒன்றில் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பு இருக்கலாம். பாணோடு சீனிச்சம்பலும் மார்ஜரினும் சேரும்போது உப்பு, சீனி, கொழுப்பு மூன்றும் ஒரே வாயில் போகின்றன. பாண் நாளில் பருப்போ அவித்த முட்டையோ துணையாகட்டும்.

6. இலைக்கறியும் கிணற்றுத் தண்ணீரும்

கற்பிட்டித் தீபகற்பத்தின் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் நுரைச்சோலைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கும் அதற்கப்பால் வெளியூர்களுக்கும் போகின்றன. விளைகிற ஊரிலேயே மரக்கறி குறைவாகச் சாப்பிடுவது வேடிக்கை. நாளுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வேலியில் நிற்கும் முருங்கை இலையிலிருந்து தொடங்கலாம்.

முருங்கை இலைச் சுண்டல்: உருவிய இலை நான்கு கோப்பை, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், கழுவிய நெத்தலி ஒரு பிடி, தேங்காய்ப்பூ இரண்டு மேசைக்கரண்டி. சூடான சட்டியில் சிறிது தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிடம் மூடிக் கிளறி, இறக்கிய பின் தேசிக்காய் பிழியுங்கள். அந்தப் புளிப்பு இலையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். சாப்பிட்டவுடன் தேத்தண்ணி குடித்தால் அந்தப் பயன் குறையும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

மணல் நிலத்தில் போட்ட உரம் மழையோடும் பாய்ச்சும் தண்ணீரோடும் கீழே இறங்குகிறது. இந்தத் தீபகற்பத்தின் ஆழமில்லாத கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கொதிக்கவைத்தால் அது போகாது. தண்ணீர் ஆவியாக ஆக இன்னும் செறியும். பச்சிளங் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். புட்டிப்பால் தவிர்க்க முடியாதென்றால் தோட்டத்தருகே உள்ள கிணற்றுத் தண்ணீரில் கரைக்காதீர்கள்.

7. தேத்தண்ணி, சோடா

ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் தேத்தண்ணியில் மட்டும் 60 கிராமைத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை சுமார் 50 கிராம். 25க்குள் நின்றால் இன்னும் நல்லது. வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். அல்லது பழைய வழக்கத்துக்குத் திரும்புங்கள்: சீனி போடாத பிளேன்டீயும், உள்ளங்கையில் சிறு துண்டுப் பனங்கட்டியும். பனங்கட்டியும் சீனிதான். கடித்துக் குடிக்கும்போது எவ்வளவு போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும், அதுதான் இலாபம்.

சோடாப் போத்தலில் 2016 முதல் சீனி அளவைக் காட்டும் நிற அடையாளம் வருகிறது. சிவப்பைத் தவிருங்கள்.

8. காற்று மாதங்களும் கடல் பார்சலும்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்குக் கடல் அமைதி, மீன் மலியும். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை காற்றும் அலையும். தொழில் குறையும், சட்டி கருவாட்டுக்கும் டின் மீனுக்கும் போகும். இந்த மாதங்களுக்கு முன்கூட்டியே பயறு, கௌபி, கடலை, மைசூர் பருப்பு வாங்கி வையுங்கள். வாரத்தில் மூன்று நாள் பயறும் பருப்பும், இரண்டு நாள் முட்டை, ஒரு நாள் டின் மீன், ஒரு நாள் கருவாடு என்று பிரியுங்கள். டின் மீனின் தண்ணீரை வடித்துவிடுங்கள். உப்பில் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

கடலுக்குப் போகிறவரின் பார்சலில் பிஸ்கட்டும் சோடாவும் வேண்டாம். அவித்த கடலை, அவித்த வற்றாளங்கிழங்கு, வாழைப்பழம், தாராளமாகத் தண்ணீர், கிடைத்தால் செவ்விளநீர். அம்புல் தியலும் சோறும் பார்சலுக்குப் பொருத்தம்.

தலவில் அன்னம்மாள் திருநாளுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அளவு பார்க்க வேண்டாம். ஆண்டில் சில நாள் விருந்து யாரையும் நோயாளியாக்காது. விருந்தின் மிச்சம் ஒரு வாரம் நீளாமல் இருந்தால் போதும்.

9. வைத்தியரைக் கேட்டு மாற்ற வேண்டியவர்கள்

சிறுநீரக நோயாளர்கள் இளநீர், கீரை, பருப்பு ஆகியவற்றைக் கூட்டும் முன் கட்டாயம் கேட்க வேண்டும். பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. அதே காரணத்தால் பொட்டாசியம் கலந்த உப்பு மாற்றுகளையும் தாமாக வாங்கக் கூடாது. இன்சுலினோ சீனி மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சீனி விழலாம். உப்பைக் குறைத்துவிட்டோம் என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

10. நான்கு வார ஒழுங்கு

- முதல் வாரம்: உப்புப் பக்கட்டில் திகதி, சோற்றில் உப்பு நிறுத்தம், பிரஷர் பார்த்துக் குறித்தல்.
- இரண்டாம் வாரம்: ஒரு வேளைக்கு ஒரு பால்கறி, சிரட்டைக் கணக்கு.
- மூன்றாம் வாரம்: தினமும் ஓர் இலைச்சுண்டல், கோப்பை வரிசை மாற்றம்.
- நான்காம் வாரம்: தேத்தண்ணியில் அரைக் கரண்டி சீனி குறைப்பு, வாரம் மூன்று நாள் சிறுமீன்.

நான்கும் ஒன்றாகத் தொடங்கினால் நான்கும் விழுந்துவிடும். ஒன்று வீட்டில் நிலைத்த பிறகு அடுத்ததை எடுங்கள்; அதற்கு இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை. பிறகு அருகிலுள்ள ஆஸ்பத்திரி கிளினிக்கில் மறுபடி பிரஷர் பார்த்து, முதலில் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் இறங்கியிருந்தால் இதே அளவில் தொடருங்கள். இறங்கவில்லை என்றால் உப்புப் பக்கட் எத்தனை நாளில் முடிந்தது என்ற குறிப்பையும் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.